செயலியின் விரைவும் அதன் எல்லையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையரங்கிற்கும் நாடகத்திற்கும் இடையே அறிவியலுக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கிய விழாக் குழுவினர்க்கு எம் நன்றி உரியது. ஒதுக்கியதோடு நில்லாமல், பேசவேண்டிய பொருளையும் அவர்களே வரையறுத்துத் தந்துவிட்டனர். நம் வாசகசாலையில் உள்ள பழைய மேசைக் கணினியின் விரைவை, புதிய உறுப்பு எதுவும் வாங்காமல், உள்ளமைப்பை மாற்றியே உயர்த்திவிடலாம் என்று இளைஞர் சிலர் கூறுகின்றனர். இருப்பதையும் கெடுத்துவிடாதீர்கள் என்று மூத்தோர் சிலர் தடுக்கின்றனர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. பொதுக்குழு ஒரு முடிவுக்கு வருமுன், செய்தி இன்னதென்று யாவர்க்கும் விளங்கும்படி எடுத்துரைக்க வேண்டும் என்பதே எமக்கு இட்ட பணி.

கடைத்தெருவில் 'ஓவர்கிளாக்கிங்' என வழங்கும் இச்செயலை இவ்வுரையில் 'துடிப்பு மிகுத்தல்' என்று குறிப்போம். கணினியின் மூளையாகிய செயலி, ஒரு துடிப்புக்கு ஒரு படியாகத் தன் வேலையைச் செய்கிறது. அத்துடிப்பைத் தருவது பலகையில் உள்ள ஒரு சிறு படிகத்தைச் சார்ந்த மின்சுற்று. தயாரித்தவர் வரையறுத்த எண்ணிக்கைக்கு மேலாக அத்துடிப்பை விரைவுபடுத்துவதே துடிப்பு மிகுத்தல்.

சற்று முன்னர் இங்கே பாடிய குழந்தைகளின் சரளி வரிசையை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஆதி தாளத்தின் ஓர் அட்சரத்திற்கு முதற் காலத்தில் ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. கையிலே போடும் தாளம் ஒன்று; அத்தாளத்திற்குள் எத்தனை சுரம் என்பது மற்றொன்று. கணினியிலும் அவ்வாறே. பலகை முழுவதற்கும் பொதுவான அடிப்படைத் துடிப்பு தாளம் போன்றது. அந்தத் துடிப்பு ஒன்றுக்குச் செயலி தனக்குள் எத்தனை முறை துடிக்கும் என்பதைப் பெருக்கெண் என்பர். நம் வாசகசாலைக் கணினியில் இருப்பது இன்டெல் நிறுவனம் 2007 ஜனவரியில் வெளியிட்ட கோர் 2 குவாட் கியூ6600 என்னும் செயலி. அதன் அடிப்படைத் துடிப்பு 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 9. இரண்டையும் பெருக்க வருவது 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 240 கோடித் துடிப்பு. விரைவைக் கூட்ட வழி இரண்டே: தாளத்தைத் துரிதப்படுத்தலாம், அல்லது ஓர் அட்சரத்திற்குரிய சுரங்களைக் கூட்டலாம். கியூ6600-இல் பெருக்கெண்ணை உயர்த்த முடியாதபடி தயாரித்தவரே பூட்டிவிட்டனர். ஆகவே எஞ்சியிருப்பது தாளத்தைத் துரிதப்படுத்தும் வழி ஒன்றே.

தாளம் விரைந்தால் என்ன நேரும்? பாடகர் திறமையுள்ளவரானால் ஒரு குறிப்பிட்ட அளவு வரையில் ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழும். அவ்வளவைத் தாண்டினால் சுரங்களை விழுங்குவார். ஆயினும் தாளம் நிற்பதில்லை, கச்சேரியும் நடந்துகொண்டே இருக்கும். செயலிக்குள் நேர்வதும் இதுவே. ஒரு துடிப்பு தொடங்கி அடுத்த துடிப்பு வருவதற்குள், மின்குறிகள் பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து சென்று தம் முடிவை நிலைநாட்டிவிட வேண்டும். 240 கோடியில் ஒரு பங்கு வினாடி என்பது எத்தனை குறுகிய காலம் எனில், அதற்குள் ஒளியே பன்னிரண்டரை சென்டிமீட்டர் தூரந்தான் செல்லும். செயலியிலுள்ள பாதைகளுள் மிக நீண்டது எதுவோ, அது அக்காலத்திற்குள் வேலையை முடிக்குமாயின் கணக்கு சரியாக இருக்கும். முடிக்காவிடில், அரைகுறையாக வந்த விடையையே அடுத்த படி உண்மையென்று எடுத்துக்கொள்ளும்.

அவ்வாறாயின், செயலியின் மேல் அச்சிட்டுள்ள 2.4 என்ற எண் அதன் எல்லை அன்றோ என்று கேட்கலாம். அன்று. அது ஓர் உறுதிமொழி. ஒரே சிலிக்கான் வட்டிலிருந்து வெட்டி எடுத்த செயலிகளேனும் ஒன்று போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒரே நெற்றில் விளைந்த அவரை விதைகளிலும் பருத்ததும் சிறுத்ததும் உண்டல்லவா? தயாரிப்பவர் ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கின்றனர். மின்னழுத்தம் சற்றே தாழ்ந்தாலும், அறை வெப்பம் சற்றே மிகுந்தாலும், விசிறியில் தூசி படிந்தாலும், ஆண்டுகள் பல கழிந்தாலும் தவறு நேரக்கூடாது என்பதற்காக, சோதனையிற் கண்ட திறமைக்குக் கீழே ஓர் எண்ணை அச்சிடுகின்றனர். வணிகக் காரணமும் உண்டு. மலிவான சரக்குக்குத் தேவை மிகும்போது, விரைந்தோடக்கூடிய செயலிக்கும் தாழ்ந்த எண்ணையே இட்டு விற்பர். அச்சிட்ட எண்ணுக்கும் உண்மைத் திறமைக்கும் இடையே உள்ள அந்த வெளியைத்தான் துடிப்பு மிகுப்பவர் தேடிச் செல்கின்றனர்.

அத்தகையோர்க்கு வாய்த்த பெரும்புதையல் ஒன்றைப்பற்றி இங்கே விரிவாகக் கூறுதல் தகும். 1998 ஆகஸ்ட்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவுச் செயலியை 149 டாலர் விலையில் வெளியிட்டது. அதே காலத்தில் அந்நிறுவனத்தின் உயர்தரமான பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் செயலியின் விலை 669 டாலர். செலரானின் அடிப்படைத் துடிப்பு 66, பெருக்கெண் நாலரை, ஆக விரைவு 300. அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால், அதே நாலரைப் பெருக்கெண்ணில் விரைவு 450 ஆகிவிடும். பல செலரான்கள் அவ்விரைவில் தடுமாற்றமின்றி ஓடின. பென்டியத்தில் இடைநினைவகம் 512 கிலோபைட் இருந்தும் அது செயலியின் பாதி விரைவிலேயே இயங்கியது. செலரானில் இருந்தது 128 கிலோபைட்டே எனினும், அது செயலிக்குள்ளேயே முழு விரைவில் இயங்கியது. ஆகவே பல வேலைகளில் ஏழைச் செயலி செல்வச் செயலியோடு தோளொத்து நின்றது.

இதில் உற்று நோக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. தாளம் விரையும்போது செயலி மட்டும் விரைவதில்லை. பக்கவாத்தியங்களும் உடன் விரைய வேண்டும். வட்டு முதலியவற்றோடு செயலியை இணைக்கும் பி.சி.ஐ. பாதை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. அடிப்படைத் துடிப்பு 66 ஆனால் அதன் பாதி 33. 100 ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு 33. ஆகவே நூறு என்ற எண் பக்கவாத்தியக்காரர்க்கு இடையூறு செய்யாத எண். இடையில் உள்ள 83-ஐத் தேர்ந்தவர்க்கோ, பாதியாக 41.5 வந்தது. செயலி தாங்கிற்று, வட்டிலிருந்த கோப்புகள் சில இடங்களில் தாங்கவில்லை. குறைந்த மிகுதியே பாதுகாப்பானது என்னும் நம் இயல்பான எண்ணம் இவ்விடத்தே பொய்க்கிறது. 450-இல் ஓடியவர் நலமாயிருக்க, 375-இல் ஓடியவர் தம் கோப்புகளை இழந்திருக்கக் கூடும்.

இக்கலை பெருகவே, தயாரிப்பவர்கள் பூட்டுப் போடத் தொடங்கினர். அவர்கள் கூறிய காரணத்தையும் முற்றிலும் தள்ளிவிட இயலாது. மலிவான செயலியின் மேலிருந்த எழுத்தை அழித்து, உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்ற வணிகர்கள் அக்காலத்தில் இருந்தனர். ஏ.எம்.டி. நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட சில செயலிகளின் மேற்புறத்தில் இருந்த நுண்ணிய இணைப்புகளைத் தொழிற்சாலையிலேயே வெட்டிவிட்டது. அவ்வெட்டுகளின் மேல் பள்ளிக்கூடப் பென்சிலால் கோடிட்டால், பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்த, பூட்டுத் திறந்துகொண்டது! பெரும் பொருட்செலவில் இட்ட பூட்டுக்குச் சில காசு விலையுள்ள சாவி. இளைஞர்கள் சிரிப்பதைக் காண்கிறோம். இது கற்பனையன்று, நடந்ததே.

நம் கியூ6600-க்கு வருவோம். வெளிவந்தபோது 851 டாலராக இருந்த அதன் விலை அதே 2007 ஜூலையில் 266 டாலராக இறங்கியது. நான்கு கருக்கள் கொண்ட செயலி நடுத்தரக் குடும்பத்தாரும் எண்ணிப் பார்க்கக்கூடிய விலைக்கு வந்தது அப்போதுதான். அதன் அடிப்படைத் துடிப்பை 266-லிருந்து 333-க்கு உயர்த்தினால், ஒன்பதாற் பெருக்க 3.0 கிகாஹெர்ட்ஸ் ஆகும். பல கியூ6600-கள் இவ்விரைவை எட்டின. உங்களுடையதும் எட்டும் என்று எவரும் உறுதி கூற இயலாது. விரைவு கால் பங்கு மிகுந்தது. நம் நாடகத்தின் ஒளிப்பதிவை வேறு வடிவுக்கு மாற்ற 40 நிமிடம் பிடித்தால், இனி 32 நிமிடம் பிடிக்கும். இது வரவு.

இனிச் செலவைக் கணக்கிடுவோம். துடிப்பு விரைந்தால் டிரான்சிஸ்டர்களும் விரைந்து மாறவேண்டும். அவை விரைந்து மாற மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்த வேண்டி வரும். செயலி இயங்குவதற்குச் செலவாகும் மின்திறன், துடிப்பின் அளவோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடி வளர்கிறது. இந்த வர்க்கத்திலேதான் சூழ்ச்சி இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 1.25 வோல்ட் 1.35 ஆகிறது என்று கொள்வோம். உயர்வு நூற்றுக்கு எட்டே. ஆனால் வர்க்கப்படுத்தி, துடிப்பின் உயர்வோடு பெருக்கினால், மின்திறன் ஏறத்தாழ நூற்றுக்கு 46 மிகுகிறது. இன்னும் ஆசை மிகுந்து 3.6 கிகாஹெர்ட்ஸுக்குச் சென்று, மின்னழுத்தம் 1.45 தேவைப்பட்டால், விரைவு ஒன்றரை மடங்கு. மின்திறனோ இரு மடங்கு. முதற் கால் பங்கு மலிவு. அடுத்த கால் பங்கு மிக விலையேறியது. மின்திறன் யாவும் வெப்பமாகவே வெளிப்படும் என்பதை நினைவிற் கொள்க. முற்பட வெளிவந்த கியூ6600-க்குத் தயாரித்தவர் குறித்த வெப்ப அளவு 105 வாட். பின்னர் வந்த திருந்திய வகைக்கு 95 வாட். இருமடங்கானால் ஏறத்தாழ நூறு வாட் கூடுதல். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் முழுவேலை செய்தால் மாதத்திற்கு 15 யூனிட் மின்சாரம். மின்வெட்டின்போது யு.பி.எஸ். தாக்குப்பிடிக்கும் நேரமும் அதற்கேற்பக் குறையும்.

இவ்விடத்தில் தில்லி மாநகரின் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசாமல் மேற்செல்வது முறையன்று. குளிர்நாட்டார் எழுதிய வழிகாட்டிகளைப் படித்து, அவர்கள் இட்ட எண்களை அப்படியே நம் கணினியில் இடுவது பெரும்பிழை. குளிர்விப்பான் வெப்பத்தை அழிப்பதில்லை. செயலியிலிருந்து அறைக் காற்றுக்கு மாற்றுகிறது, அவ்வளவே. ஆதலின் செயலியின் வெப்பநிலை எப்போதும் அறையின் வெப்பநிலைக்கு மேல் இவ்வளவு என்றே அமையும். ஜனவரி மாதத்தில் அறை 15 டிகிரி என்றும், முழுவேலையில் செயலி 55 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். இடைவெளி 40. மே மாதத்தில் லூ என்னும் அனற்காற்று வீசும் பிற்பகலில் குளிர்சாதனம் இல்லாத நம் வாசகசாலை 40 டிகிரியை எட்டுமானால், அதே செயலி அதே வேலையில் 80 டிகிரி. இது துடிப்பு மிகுக்காத நிலை. மேலே கூறிய 46 விழுக்காடு மின்திறன் கூடினால் இடைவெளி 40 என்பது 58 ஆகும். ஜனவரியில் 73, மே மாதத்தில் 98. அந்நிலைக்கு அருகில் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானே மெதுவாகிவிடும். குளிர்காலத்தில் வாங்கிய விரைவைக் கோடைக்காலம் திரும்பப் பறித்துக்கொள்கிறது. மின்கட்டணம் மட்டும் நம்மிடம் எஞ்சுகிறது.

ஜனவரியில் சோதித்து, எல்லாம் செம்மையாக உள்ளது என்று சான்று வழங்குவோர் ஏப்ரலுக்குப் பின் ஒருமுறை சோதிக்க வேண்டும். நம் ஊர்த் தூசியையும் மறத்தலாகாது. ஒரு புழுதிப்புயல் அடித்து ஓய்ந்தபின் குளிர்விப்பானைத் திறந்து பார்த்தவர்க்கு யாம் சொல்லவேண்டுவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணினியில், செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே தடவிய பசை காய்ந்து உதிர்ந்திருக்கும். அதைத் துடைத்துப் புதுப்பசை இட்டாலே பத்துப் பதினைந்து டிகிரி குறைந்த கணினிகள் பல. துடிப்பு மிகுத்தாலும் மிகுக்காவிடினும் செய்யவேண்டிய வேலை அது.

வெப்பத்தை அளவிடலாம், அஞ்சி ஒதுங்கலாம். அளவிட இயலாத தீங்கு வேறொன்று உண்டு. மூத்தோரின் தடையில் யாம் கண்ட உண்மையான பொருளும் அதுவே, அவர்கள் அதைச் சொன்ன விதம் வேறாயினும். எல்லை கடந்த செயலி உடனே நின்றுவிடுமாயின் கவலையில்லை. திரை நீலமாகிக் கணினி மறுபடி தொடங்கினால் பிழை தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். எல்லையை மயிரிழை அளவே கடந்த செயலி நிற்பதில்லை. கோடிக்கணக்கான கணக்குகளைச் சரியாகச் செய்து, ஒன்றே ஒன்றைத் தவறாகச் செய்யும். அந்த ஒன்று திரையிலுள்ள ஒரு புள்ளியின் நிறமாயின் எவரும் அறியார். சுருக்கிச் சேமித்த கோப்பின் நடுவில் அது விழுந்தால், அதற்குப் பின்னுள்ள பகுதி முழுதும் திறக்க இயலாமற் போகலாம். அதுவும் இன்று தெரியாது. மூன்றாண்டு கழித்து ஒருவர் திறக்கும்போதுதான் தெரியும்.

இது வெறும் அச்சமன்று. இன்டெல் நிறுவனமே 2000 ஜூலை இறுதியில் பென்டியம் 3 வரிசையில் 1.13 கிகாஹெர்ட்ஸ் செயலியை வெளியிட்டது. போட்டியாளரை முந்தும் அவசரத்தில், அவ்வடிவமைப்பின் எல்லை வரையில் இழுத்த செயலி அது. சாதாரண வேலைகளில் குறை தெரியவில்லை. லினக்ஸ் கருவின் மூலநிரலைத் தொகுக்கும் நீண்ட வேலையைக் கொடுத்தபோது அது தவறியது. ஒரு மாதத்திற்குள், ஆகஸ்ட் இறுதியில், அச்செயலியைச் சந்தையிலிருந்து நிறுவனம் திரும்பப் பெற்றது. உலகின் தலைசிறந்த சோதனைக்கூடங்களை உடையவர்க்கே எல்லை புலப்படாமற் போனது எனில், வாசகசாலையில் அரைமணி நேரம் விளையாட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று கூறும் சான்று எம்மாத்திரம்?

சோதிக்கும் முறை இல்லாமலில்லை. ஜார்ஜ் வோல்ட்மன் என்பார் 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்கென எழுதிய 'பிரைம்95' என்னும் நிரல், மிகப் பெரிய எண்களை இடைவிடாது பெருக்கும். விடை முன்னரே தெரிந்த கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று பிசகினாலும் நிறுத்திவிடும். கணித ஆராய்ச்சிக்குப் பிறந்தது இன்று செயலிகளின் தேர்வாளராக அமர்ந்திருப்பது ஒரு விந்தை. நினைவகத்தைச் சோதிக்க 'மெம்டெஸ்ட்86' உண்டு. இவ்விரண்டையும் ஓர் இரவு முழுதும் ஓட்டிப் பிழையின்றி முடிந்தால், கணினி சரியாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்று கொள்ளலாம். வாய்ப்பு மிகுதி என்றே சொல்லுகிறோம். உறுதி என்று சொல்லவில்லை.

தேய்மானத்தைப் பற்றியும் ஒரு சொல். செயலிக்குள் உள்ள உலோக இழைகளில் மின்னோட்டம் செறிந்து பாயும்போது, அது உலோக அணுக்களை மெல்ல மெல்ல இடம்பெயர்க்கிறது. ஆற்று வெள்ளம் கரை மணலை அரிப்பதை ஒத்தது இது. மின்னோட்டச் செறிவும் வெப்பமும் மிகுந்தால் இழையின் ஆயுள் எவ்வாறு குறையும் என்பதை ஜேம்ஸ் பிளாக் என்பவர் 1969-இல் சமன்பாடாகத் தந்தார். 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பென்டியம் 4-இன் 'நார்த்வுட்' வகைக்கு 1.7 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து ஓட்டியவர்கள், சில மாதங்களிலேயே செயலி திடுமென இறந்துபோவதைக் கண்டனர். 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில், பயனர் எதுவும் செய்யாதபோதே மின்னழுத்தம் மிகுந்து நிலைகுலைவு ஏற்பட, நிறுவனம் உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது. துடிப்பைக் கூட்டுவதைக் காட்டிலும் மின்னழுத்தத்தைக் கூட்டுவதே ஆயுளைக் குறைப்பது என்பது நினைவில் இருக்கட்டும்.

பழைய கணினியைப் பற்றியே ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்க்கு மறுமொழி இது. 2011-இல் வந்த இன்டெல் செயலிகளில் அடிப்படைத் துடிப்பு ஏனைய உறுப்புகளோடு பிணைக்கப்பட்டமையால் அதைச் சிறிதளவே அசைக்க முடிந்தது. பெருக்கெண் திறந்த செயலிகளைத் தனி எழுத்திட்டுத் தனி விலைக்கு விற்றனர். இன்றைய செயலிகளோ, வெப்பமும் மின்திறனும் இடம் தரும்வரை தாமே துடிப்பை உயர்த்திக்கொள்கின்றன. முன்பு நமக்கென விட்டுவைத்த வெளியை இப்போது தயாரிப்பவரே பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டனர். பெரிய அளவு வெளி எஞ்சியிருப்பது பழைய செயலிகளிலேதான்.

ஆனால் அந்த வெளியைப் பிடித்தாலும் கிடைக்காதவை சில. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு எஸ்.எஸ்.இ.4.2 என்னும் கட்டளைத் தொகுதி வேண்டும். கியூ6600-இல் அது இல்லை. துடிப்பை எவ்வளவு மிகுத்தாலும் படிக்காத பாடத்தைப் பாடகர் பாட இயலாதன்றோ? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எனவே இத்தகைய கணினி லினக்ஸில் ஓடுவதே தக்கது. மேலும், வாசகசாலைக் கணினி மெதுவாக இருக்கிறது என்று உறுப்பினர்கள் குறைகூறும் நேரங்களை யாம் கவனித்தோம். தொடங்கும்போதும், நிரல்களைத் திறக்கும்போதுமே பெரும்பாலும் குறை எழுகிறது. அங்கே செயலி வட்டுக்காகக் காத்துக் கிடக்கிறது. காத்துக் கிடப்பவரை விரைவுபடுத்தி என்ன பயன்? சுழலும் வட்டை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், துடிப்பு மிகுத்தலால் வருவதைக் காட்டிலும் பன்மடங்கு வேறுபாடு அங்கே தெரியும். செயலியே முழுமூச்சாக உழைக்கும் வேலைகள் இரண்டே: ஒளிப்பதிவை மாற்றுதல், பழைய மலர்களின் பக்கங்களைப் படமெடுத்து எழுத்துணரி கொண்டு எழுத்தாக்குதல்.

அந்த இரண்டாம் வேலையை எண்ணும்போதுதான் எமக்குத் தயக்கம் மிகுகிறது. நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்கள் பலவற்றிற்கு ஒரு படியே எஞ்சியுள்ளது. தாள் பழுத்து, திருப்பும்போதே ஓரங்கள் உதிர்கின்றன. வேலை தேடி இவ்வூருக்கு வந்த நம் முன்னோர் இங்கே நடத்திய நாடகங்களும், நன்கொடை அளித்தோர் பெயர்களும், அவர்கள் எழுதிய கட்டுரைகளும் வேறெங்கும் இல்லை. படமெடுத்த கோப்புகள்தாம் இனி மூலம் ஆகப் போகின்றன. அவை உள்ள கணினியில் எட்டு நிமிடம் மிச்சப்படுத்தும் பொருட்டு ஐயத்திற்கு இடந்தரும் செயலை யாம் பரிந்துரைக்க இயலாது. அக்கணினி 2.4-இலேயே ஓடட்டும், அதற்கு எஸ்.எஸ்.டி.யும் புதுப்பசையும் வாங்குவோம். கோப்புகளுக்கு வேறு வட்டில் இரண்டாம் படியும் எடுத்து வைப்போம்.

இளைஞர்கள் முகம் வாட வேண்டா. உறுப்பினர் ஒருவர் அன்பளித்த மற்றொரு கணினி மாடியறையில் மூடிக் கிடக்கிறது. அதிலும் இதே காலத்துச் செயலியே உள்ளது. அதை உங்களிடம் ஒப்படைக்குமாறு ஆட்சிக் குழுவை வேண்டிக்கொள்கிறோம். அதில் சங்கத்துக் கோப்பு ஒன்றும் இருத்தலாகாது என்பது ஒன்றே நிபந்தனை.

தொடங்குமுன் பலகையிலுள்ள மின்தேக்கிகளைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்தோ கசிந்தோ இருந்தால் அப்பலகைக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் செய்த பலகைகள் பலவற்றில் இக்குறை உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் ஒட்டிய வாட் கணக்கை வேதவாக்காகக் கொள்ள வேண்டா. எடையில்லாத பெட்டியில் 450 என்று எழுதியிருப்பதை நேரு பிளேஸ் கடைகளில் நீங்களே கண்டிருப்பீர்கள். பயாஸுக்குள் நுழைந்து, முதலில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துடிப்பை 100-இல் நிறுத்திப் பூட்டுங்கள். செலரான் காலத்துப் பக்கவாத்தியத் தொல்லை அதனால் நீங்கும். நினைவகத்தின் விகிதத்தை அடிப்படைத் துடிப்போடு ஒன்றுக்கு ஒன்றாக வையுங்கள்; 333 வரை செல்வதற்கு டி.டி.ஆர்.2 667 நினைவகமே போதும். பின்னர்ப் பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் வெப்பத்தையும் பிழையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். மின்னழுத்தத்தைத் தொடாமல் எவ்வளவு தூரம் செல்ல முடிகிறது என்று பாருங்கள். பிழை கண்ட இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கி நிறுத்துங்கள். கணினி எழ மறுத்தால் அஞ்ச வேண்டா. பலகையிலுள்ள பொத்தான் மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்பு மீளும்.

அந்தக் குறிப்பேட்டை மே மாதத்தில் ஒருமுறை எமக்குக் காட்டுங்கள். நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னே காத்திருக்கின்றனர். ஐயமுள்ளோர் உணவு வேளையில் எம்மைக் கேட்கலாம்.